சின்ன வயதில் நீட்டிய தாடை மறுபடி உள்ளே போனது ஏன்?

கேட்ட தாயின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 14 வயது, பிறவியிலேயே ட்ரீச்சர் காலின்ஸ் சிண்ட்ரோம், அதாவது கன்ன எலும்பும் காதும் கீழ்த்தாடையும் முழுதாக வளராத குறைபாடு. மூன்று வயதில் மூச்சுத் திணறலுக்காகக் கீழ்த்தாடையை நீட்டும் ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் வைத்திருந்த குழாயை அதற்கப்புறம்தான் எடுத்தார்கள். இப்போது மோவாய் மறுபடி உள்ளே போய்விட்டது. வாயை மூடினாலும் மேல் கீழ் முன்பற்கள் தொடுவதில்லை, இரவில் குறட்டை. ஒரு மருத்துவர் 17 வயது வரை பொறுங்கள் என்கிறார், இன்னொருவர் இப்போதே செய்யலாம் என்கிறார். முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டதா? இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? "அழகுக்காக இவ்வளவு பாடா" என்கிற உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நான் பல் சீரமைப்பு மருத்துவர், பிறவி முகக் குறைபாடுகளைப் பார்க்கும் குழுவில் வேலை செய்பவன். கத்தி பிடிப்பவன் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு ஒன்றரை வருடம் முன்னாலிருந்தே இந்தப் பிள்ளைகளின் வாயை மாதாமாதம் பார்ப்பவன், முடிந்த பிறகும் பல மாதம் பார்ப்பவன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் ஆபரேஷன் தோற்கவில்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது: கழுத்துக் குழாய் வெளியே வந்தது. அந்த ஆபரேஷன் எலும்புக்கு நீளம் கொடுத்தது, வளரும் சக்தியைக் கொடுக்கவில்லை. மேல் முகமும் தலையும் பதினொரு வருடமாக வளர்ந்தன, கீழ்த்தாடை கூடவே வரவில்லை. மூன்று வயதில் தைத்த சட்டை பதினாலு வயதில் பத்தவில்லை என்றால் தையல்காரரைக் குறை சொல்ல மாட்டோம் இல்லையா, அந்த மாதிரிதான். கொஞ்சம் உண்மையாகவே பின்வாங்கியும் இருக்கலாம். நீட்டிய எலும்பைச் சுற்றியுள்ள தசையும் தோலும் பழைய இடத்துக்கே இழுக்கும். இந்தக் குறைபாட்டில் அந்த இழுப்பு அதிகம்.

ஏன் வளரவில்லை என்று கேட்டால் கரு உருவாகும் முதல் சில வாரங்களுக்குப் போக வேண்டும். முகத்தின் எலும்புகளும் குருத்தெலும்புகளும் பெரும்பாலும் நரம்பு முகடு செல்கள் என்ற ஒரு கூட்டத்திலிருந்து வருகின்றன. இவை பெருகி, நகர்ந்து வந்து முகத்தைக் கட்ட வேண்டும். பெருகுவதற்குப் புரதம் வேண்டும், புரதம் செய்ய ரைபோசோம் வேண்டும். ரைபோசோம் தயாரிப்பில் பங்கெடுக்கும் ட்ரீக்கிள் என்ற புரதத்துக்கான மரபணுவின் பெயர் டிகாஃப்1, ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது, 1996-ல் கண்டுபிடித்தார்கள். அதில் பிழை இருந்தால் இந்தச் செல்களில் ஒரு பகுதி கிளம்பும் முன்பே மடிந்துவிடுகிறது. வந்து சேருகிற கொஞ்சம் செல்களை வைத்துக் கன்ன எலும்பு, காது, கீழ்த்தாடை மூன்றையும் கட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் மூன்றும் ஒரே சமயத்தில் குறைகின்றன. மூளை வளர்ச்சிக்கு இதில் பொதுவாகப் பங்கம் இல்லை. பள்ளியில் பிள்ளை பின்தங்கினால் காது கேளாமையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுமார் 50,000 பிறப்பில் ஒன்று என்று கணக்கு சொல்வார்கள். பெயரைக் கேட்டால் இரண்டு மருத்துவர்கள் போலத் தோன்றும், ஒருவர்தான்: 1900-ல் இதை விவரித்த லண்டன் கண் மருத்துவர் எட்வர்ட் ட்ரீச்சர் காலின்ஸ். கண் மருத்துவர் என்பதால் அவர் எழுதியது கீழ் இமையில் உள்ள வெட்டையும் கன்ன எலும்பின் குறையையும் பற்றித்தான்.

சரி, தாடைக்கு வருவோம். "சின்னத் தாடை" என்று எல்லோரும் சொல்கிறோம், அது பாதிதான் சரி. சிறியதாக மட்டும் இருந்தால் முன்னால் தள்ளிப் பொருத்தினால் வேலை முடிந்துவிடும். இங்கே வடிவமே வேறு. காதுக்கு முன்னாலுள்ள மூட்டிலிருந்து கீழே இறங்கும் செங்குத்துப் பகுதி குட்டையாக இருக்கும். மூட்டின் உருண்டை சிலருக்குச் சிறுத்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. தாடையின் அடிவிளிம்பில் ஒரு குழிவு விழும். மேல்தாடையின் பின்பகுதியும் உயரம் குறைந்தது. பின்பக்கம் இப்படி உயரம் இல்லாததால் முகம் முழுவதுமே பின்னோக்கிக் கீழே சுழன்ற மாதிரி நிற்கும். முன்பற்கள் தொடாமல் இடைவெளி விழுவது அந்தச் சுழற்சியால்தான். மகளின் பக்கவாட்டு எக்ஸ்ரேயை வாங்கி, பல் வரிசையின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட படுக்கையாக இருக்க வேண்டிய கோடு, முன்னால் வரவரச் சரிந்து இறங்கும். அறுவை மருத்துவர் திருத்த நினைப்பது பெரும்பாலும் அந்தச் சரிவைத்தான்.

தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால் இருக்கும், தூங்கும்போது அது தொண்டையை அடைக்கும். உங்கள் கேள்வியில் குறட்டையை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். இரு மருத்துவர்களில் யார் சரி என்பதை வயது தீர்மானிக்காது, குறட்டைதான் தீர்மானிக்கும். இரவு முழுவதும் வைத்து எடுக்கும் தூக்கப் பரிசோதனை, அதாவது ஸ்லீப் ஸ்டடி, சமீபத்தில் எடுத்தீர்களா? மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று அதில் எண் வரும். பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு மேல் போனாலே இயல்பல்ல, பத்தைத் தாண்டினால் தீவிரம். காலையில் தலைவலி, வகுப்பில் தூக்கம், எரிச்சல் என்று இருந்தால் சொல்லவே வேண்டாம், உடனே எடுங்கள். எண் மோசமாக இருந்தால் 17 வரை சும்மா காத்திருக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முகமூடி வைத்துக் காற்றழுத்தம் தரும் கருவி சிலருக்குக் கைகொடுக்கும், ஆனால் கன்ன எலும்பு இல்லாத முகத்தில் அந்த முகமூடி ஒழுங்காக உட்காராது, காற்று கண்ணுக்குள் கசியும். அப்போது இடையில் இன்னொரு முறை தாடையை நீட்டுவது நியாயமான முடிவு. எண் நன்றாக இருந்தால் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். எலும்பு வளர்ச்சி முடியும் முன் செய்த தாடை ஆபரேஷனை மறுபடி செய்ய வேண்டி வரும் வாய்ப்பு அதிகம். பொதுவாகப் பெண் பிள்ளைகளுக்கு 14 முதல் 16, ஆண் பிள்ளைகளுக்கு 16 முதல் 18 என்று சொல்வார்கள். நான் வயதை நம்புவதில்லை. ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து, கோடு நகரவில்லை என்றால்தான் வளர்ச்சி நின்றது என்பேன்.

ஆக, இரு மருத்துவர்களும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கலாம். ஒருவர் மூச்சை நினைத்துப் பேசியிருப்பார், இன்னொருவர் கடியை, அதாவது மேல் கீழ்ப் பற்கள் பொருந்துவதை நினைத்து. ஸ்லீப் ஸ்டடி அறிக்கையை இருவருக்கும் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் பதில் நெருங்கி வரும்.

மூன்று வயதில் நடந்தது என்ன என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அது மறுபடி வரலாம். காலெலும்பை மெதுவாக இழுத்து நீட்டலாம் என்று சைபீரியாவின் குர்கானில் இலிசரோவ் என்ற எலும்பு மருத்துவர் 1950-களில் காட்டினார். அதை மனிதக் கீழ்த்தாடையில் செய்த முடிவுகளை நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி 1992-ல் வெளியிட்டார். எலும்பை வெட்டி, இரு பக்கமும் ஒரு திருகுக் கருவியைப் பொருத்திச் சில நாள் விடுவார்கள். வெட்டிய இடத்தில் இளம் திசு கட்டத் தொடங்கியதும் நாளுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்குவார்கள், பெரும்பாலும் காலையில் அரை, மாலையில் அரை. இடைவெளியில் புது எலும்பு ஊறும். வேகமாகத் திருகினால் எலும்பு கட்டாது, மெதுவாகத் திருகினால் நேரத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும். வேண்டிய நீளம் வந்ததும் திருகுவதை நிறுத்தி, எலும்பு இறுக இரண்டு மூன்று மாதம் கருவியை அப்படியே விடுவார்கள். திருகுகிற வேலை பெரும்பாலும் வீட்டில் பெற்றோருக்குத்தான். காதுக்குக் கீழே தோலை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பியில் சாவியை மாட்டி, அம்புக்குறி காட்டும் பக்கம் அரைச் சுற்று. கை நடுங்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. ஒரு அப்பா ஒவ்வொரு முறையும் காலண்டரில் இடது, வலது என்று தனித்தனியாக டிக் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் ஒரு பக்கம் விட்டுப்போனதை அந்தக் காலண்டரை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அடுத்த முறை வந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கீழ்த்தாடையை மட்டும் நீட்டினால் போதுமா என்பது தனி விவாதம். மூக்கின் பின்வழியும் மேல்தாடையும் குறுகியிருக்கும் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை எவ்வளவு முன்னால் வந்தாலும் மூச்சு முழுதாகத் திறக்காது. அதனால் சியாட்டிலில் ரிச்சர்ட் ஹாப்பர் குழுவினர் நடு முகத்தையும் கீழ்த்தாடையையும் சேர்த்து ஒரே சமயத்தில் மேல்நோக்கிச் சுழற்றி நீட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். கழுத்துக் குழாயை விட முடியாத பிள்ளைகளுக்கான பெரிய ஆபரேஷன் அது. உங்கள் மகளுக்குக் குழாய் ஏற்கெனவே போய்விட்டதால் இது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

வளர்ச்சி முடிந்த பிறகு செய்யும் இறுதி ஆபரேஷன் இரண்டு தாடையிலும் நடக்கும். அதற்கு முன் 12 முதல் 18 மாதம் என் வேலை: கிளிப். இங்கே பெற்றோர் அதிர்ச்சியடைகிற ஒரு விஷயம் உண்டு. தாடை பின்னால் இருக்கும் பிள்ளைகளின் கீழ்ப்பற்கள் அந்தக் குறையை மறைக்க முன்னால் சாய்ந்து நிற்கும். நாங்கள் அவற்றை நிமிர்த்துவோம். அதாவது ஆபரேஷன் வரை கடி இன்னும் மோசமாகத் தெரியும். "காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே" என்று ஒரு பாட்டி என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான், முன்னாலேயே சொல்லாதது என் தவறு. பல் சாய்ந்தபடியே விட்டால், தாடையை நகர்த்த அறுவை மருத்துவருக்கு இடமே இருக்காது. இந்தப் பிள்ளைகளுக்குச் சில பற்கள் முளைக்காமலே போவதும் உண்டு என்பதால் எதை வைத்து எதைப் பிடிப்பது என்ற கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

மேல்தாடையில் போடும் வெட்டுக்கு லெ ஃபோர்ட் ஒன்று என்று பெயர். 1901-ல் ரெனே லெ ஃபோர்ட் சடலங்களின் முகத்தில் அடி விழுந்தால் எலும்பு எந்தக் கோடுகளில் பிளக்கிறது என்று ஆராய்ந்தார். எலும்பு தானாக உடையும் அந்தக் கோட்டில்தான் இன்று ரம்பம் போகிறது. கீழ்த்தாடையை வழக்கமாக 1950-களில் ஒப்வெகேசர் என்ற அறுவை மருத்துவர் கொண்டுவந்த முறையில் இரு பலகைபோலப் பிளந்து, ஒன்றின் மேல் ஒன்றைச் சறுக்க வைப்பார்கள். ஆனால் அந்த முறைக்குச் செங்குத்துப் பகுதி அகலமாக, தடிமனாக இருக்க வேண்டும். ட்ரீச்சர் காலின்ஸில் அது பல சமயம் இருக்காது. அப்போது தலைகீழ் 'ட' வடிவம் மாதிரி வெட்டி, இடைவெளியில் இடுப்பெலும்பு வைப்பார்கள், அல்லது மறுபடி நீட்டும் முறைக்கே போவார்கள். மூட்டே இல்லாதவர்களுக்கு விலா எலும்பை அதன் குருத்தோடு எடுத்து வைப்பது பழைய வழி. அது சில சமயம் வளராது, சில சமயம் நிற்காமல் வளர்ந்து தாடையைக் கோணலாக்கும். வளர்ந்தவர்களுக்கு இப்போது அவரவர் சிடி ஸ்கேனை வைத்தே செய்த செயற்கை மூட்டு உண்டு. ஆகவே மருத்துவரிடம் "எந்த ஆபரேஷன்" என்று கேட்கும் முன் "என் மகளின் மூட்டு எந்த வகை" என்று கேளுங்கள். ப்ரூசான்ஸ்கி கேபன் வகைப்பாட்டில் ஒன்று, இரண்டு ஏ, இரண்டு பி, மூன்று என்று சொல்வார்கள். ஒன்றும் இரண்டு ஏ-யும் என்றால் இருக்கிற மூட்டை வைத்தே பெரும்பாலும் சமாளிக்கலாம். மூன்று என்றால் மூட்டையே கட்ட வேண்டும்.

மயக்க மருந்தைப் பற்றி யாரும் பெற்றோரிடம் போதுமான அளவு பேசுவதில்லை. இந்த முகத்தில் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடுவது கடினம், வயது கூடக்கூட இன்னும் கடினமாகலாம். வளையும் கேமரா வைத்து, பல சமயம் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகப் போடுவார்கள். இதில் பழக்கமுள்ள மயக்க மருந்து மருத்துவர் இருக்கிறாரா என்பது அறுவை மருத்துவரின் பெயரைவிட எனக்கு முக்கியம். தேவைப்பட்டால் தற்காலிகமாகக் கழுத்தில் மறுபடி குழாய் வைக்க நேரலாம். அது மகளுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று, யாரும் எழுதி வைக்காதது. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் கண் விழித்தான். எலும்பு வழியாகக் கேட்க உதவும் கருவி அவன் அப்பாவின் பையில், கதவுக்கு வெளியே. பற்கள் ரப்பரால் கட்டப்பட்டிருந்ததால் பேச முடியாது. நர்ஸ் முகக்கவசம் போட்டிருந்ததால் உதடு படிக்கவும் முடியாது. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் கையால் எல்லாவற்றையும் பிடுங்கப் பார்த்தான். நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள், அது இன்னும் பயமுறுத்தியது. அன்றிலிருந்து காது கருவியும் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் நோயாளியோடு உள்ளே போக வேண்டும் என்று எங்கள் பட்டியலில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டால் கருவி எங்கே உட்காரும் என்பதையும் முன்னாளே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் வீக்கம்தான் பெரிய தொல்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியைக் கேட்பாள். கொடுங்கள், ஆனால் இது அந்த முகம் இல்லை என்று சொல்லிக் கொடுங்கள். சுமார் ஆறு வாரம் திரவமும் மென்மையான உணவும்தான், எடை இறங்கும். ரப்பர் பாண்டுகளை எங்கே மாட்டுவது என்று நாங்கள் படம் வரைந்து தருவோம். கீழ் உதடும் மோவாயும் மரத்திருக்கும், பஞ்சால் தொட்டால் தெரியாது, சூடான பானத்தில் உதடு சுட்டுக்கொண்டாலும் தெரியாது. பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும். சிலருக்கு ஒரு சின்ன இடம் நிரந்தரமாக மரத்தே இருக்கும். மூன்று வயதில் ஏற்கெனவே அந்த நரம்பின் பக்கத்தில் எலும்பு வெட்டியிருப்பதால், இப்போது உணர்வு எப்படி இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே சோதித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மறுபடி பின்வாங்குமா? கொஞ்சம் பின்வாங்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தாடை ஆபரேஷனைவிட இங்கே அது அதிகம், மூட்டு பலவீனமாக இருந்தால் இன்னும் அதிகம். தொடக்க காலத்தில் நான் பெற்றோரிடம் "இதோடு முடிந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. தாடைக்குப் பிறகு மோவாய் எலும்பை மட்டும் முன்னால் நகர்த்தும் சின்ன வேலை தேவைப்படலாம். கன்ன எலும்பு, இமை, காது எல்லாம் தனித்தனிக் கணக்கு.

உறவினர்கள் கேட்கும் அழகு விஷயத்துக்கு வருகிறேன். "மூச்சுக்காக" என்று ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைக்கலாம், அது உண்மையும்கூட. முன்பல்லால் கடிக்க முடியாது, உதடு மூடாது, சில எழுத்துகள் தெளிவாக வராது என்பதும் உண்மை. ஆனால் உங்கள் மகளிடம் அப்படி மட்டும் சொல்லாதீர்கள். பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தன் முகத்தைப் பற்றி ஒரு எண்ணம் இருக்கும், அது நாம் நினைக்கிற எண்ணமாக இல்லாமலும் போகலாம். எங்களிடம் வந்த ஒரு பெண், மூச்சும் கடியும் ஓரளவு சரியாக இருந்ததால், "எனக்கு இந்த முகமே போதும், கிளிப் மட்டும் போடுங்கள்" என்றாள். போட்டோம். இன்னொருத்தி கணினியில் வரைந்த முகத்தை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இதில் என் அம்மா ஜாடை போய்விட்டது, கொஞ்சம் குறையுங்கள்" என்றாள். அறுவை மருத்துவர் இரண்டு மில்லிமீட்டர் குறைத்தார். இருவர் கேட்டதும் நியாயம்தான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவள் ஒருநாள் கேட்பாள்: இது என் பிள்ளைக்கும் வருமா? சுமார் 60 சதவீதம் பேருக்குப் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாக வந்த பிழைதான். அப்படி வந்திருந்தாலும், டிகாஃப்1 மரபணுவில் பிழை உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எவ்வளவு தீவிரமாக வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிள்ளைக்குக் கண்டுபிடித்த பிறகுதான் தனக்கும் லேசாக இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பெற்றோர் உண்டு. அதனால் நீங்கள் இருவரும் ஒருமுறை மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று வயது ஆபரேஷனின் குறிப்பையும் அந்தக் கால சிடி தட்டையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய மருத்துவமனையில் கேட்டால் நகல் கிடைக்கலாம். அன்று எலும்பை எந்த இடத்தில் வெட்டினார்கள், உள்ளே ஏதாவது ஸ்க்ரூ விட்டுவைத்தார்களா, எந்தப் பல்முளை பாதிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். புது வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை அதைப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.